ஹலிஃபக்ஸுக்கு ஒரே ஓர் இருக்கை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

உங்கள் முன்னால் நான் ஏதாவது பேச வேண்டும் என்று வசந்தி கேட்டார். அவர்தான் அலுவலகத்தில் இருந்தபடி றேடியோவில் எங்கள் எல்லோரையும் ஓட வைப்பவர் என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். நாலு பேர் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்றேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணில் கோளாறு வந்து, இனி ஆட்களை ஏற்றி ஓட வேண்டாம் என்று டொக்டர் சொல்லும்வரை நான் செய்தது இந்த வேலைதான். விமானிகளையும் பணிப்பெண்களையும் விமான நிலையத்தில் வானில், அதாவது கம்பனி வேனில், ஏற்றி ஹொட்டலில் இறக்குவது, ஹொட்டலில் ஏற்றி விமான நிலையத்தில் இறக்குவது. எந்த வாசலில் வானை நிறுத்துவது, பெட்டிகளை எப்படி அடுக்குவது என்பதெல்லாம் இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். அவற்றை நான் எழுதப் போவதில்லை. பின்னால் இருப்பவர்களைப் பற்றி எழுதுகிறேன்.

அவர்களிடம் விமான விபத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். பாட்டுப் போடாதீர்கள். வானில் ஏறியதும் கண்ணை மூடுபவரை, வாசல் வந்ததும் மெதுவாகக் கூப்பிட்டு எழுப்புங்கள். பிரேக் போட்டு எழுப்ப வேண்டாம். வானுக்குள் கேட்டது வானுக்குள்ளேயே இருக்கட்டும்.

உங்கள் வானில் ஏறும் விமானிகள் எல்லோரும் வேலை முடித்துப் போகிறவர்கள் அல்ல. சிலர் வேலைக்குப் போகவே விமானத்தில் வருகிறவர்கள். வீடு இரண்டு மணிநேர விமானத் தூரத்தில், வின்னிபெக்கில் அல்லது ஹலிஃபக்ஸில் இருக்கும், வேலை ரொறன்ரோவில் தொடங்கும். நகரத்தின் கிழக்கு ஓரத்தில், மல்வேர்னில் இருந்து பஸ்ஸுக்கு மேல் பஸ் மாறி வேலைக்கு வந்துகொண்டிருந்த எனக்கு இது முதலில் வேடிக்கையாக இருந்தது. எனக்கு பஸ் மாதிரி அவர்களுக்கு விமானம், அவ்வளவுதான். பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது வரும். அவர்களுக்கு அப்படி இல்லை.

அவர்கள் டிக்கட் எடுத்து வருவதில்லை. விமானத்தின் மூக்கில், ஓட்டுகிற இருவருக்கும் பின்னால், மடித்து விரிக்கிற ஒரு சின்ன இருக்கை உண்டு. ஜம்ப்சீட் என்பார்கள். வீட்டுக்குப் போகிற விமானி அதில் இருந்து போகலாம். ஆனால் அந்த விமானத்தின் கப்டன் சம்மதிக்க வேண்டும். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், கதவடியில் போய் நின்று, தொப்பியைக் கையில் எடுத்து, "உங்களோடு வரலாமா" என்று கேட்டுத்தான் ஏற வேண்டும். போட்டிக் கம்பனி விமானியாக இருந்தாலும் இடம் இருந்தால் இல்லை என்று சொல்லமாட்டார்கள். ஏறியவர் விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் வாய் திறக்கக்கூடாது. பணிப்பெண்களுக்கு ஒரு சொக்கலேட் பெட்டியாவது கொண்டு போவது வழக்கம். கடைசி நேரத்தில் விமான நிலையக் கடையில் சொக்கலேட் பெட்டியோடு வரிசையில் நிற்கிற விமானியைக் கண்டால், அவர் இன்றைக்கு ஓட்டப் போவதில்லை, வீட்டுக்குப் போகிறார் என்று நீங்கள் நிச்சயமாகச் சொல்லலாம்.

எங்கும் எழுதி வைக்காத வழக்கம் இன்னொன்றும் உண்டு. இருக்கை ஒன்று, ஆட்கள் இருவர் என்றால் யாருக்கு முதல் உரிமை என்று கணக்கு இருக்கிறது. ஆனால் உரிமை இல்லாதவர், உரிமை உள்ளவரிடம் "உங்கள் இடத்தை எனக்குத் தாருங்கள்" என்று கேட்பதில்லை. கேட்டுவிட்டால் மற்றவரால் மறுக்க முடியாது. அது கழுத்தைப் பிடிப்பது போல. கொடுப்பவராகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். அதையும் சத்தமில்லாமல் கொடுக்க வேண்டும். ஒருமுறை, கொஞ்ச நேரத்துக்கு முன் நான் இறக்கிவிட்ட விமானி ஒருவர் கையில் கோப்பியோடு திரும்பி வந்து என் வானில் ஏறினார். "என்ன, விமானம் போகவில்லையா" என்று கேட்டேன். "போய்விட்டது. ஒரு பெடியன் தன் தங்கச்சியின் கல்யாணத்துக்குப் போகிறான்" என்று மட்டும் சொன்னார். பெடியனுக்கு அவர் விட்டுக்கொடுத்தது தெரியுமா என்று கேட்டதற்குத் தோளை உயர்த்திச் சிரித்தார்.

எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. வாய் திறக்காமல் நல்லது செய்வதே பெரிய மரியாதை என்று நானும் நினைத்திருந்தேன். கூச்சம் உள்ளவர்களுக்கு அப்படி நினைப்பது வசதி.

இனி நான் சொல்ல வந்த நாளுக்கு வருகிறேன்.

நடு விண்டர். மறுநாள் ரொறன்ரோவில் பெரிய பனிப்புயல் என்று சொல்லியிருந்தார்கள். மறுநாள் விமானங்களை முன்கூட்டியே நிறுத்தத் தொடங்கிவிட்டதால், எல்லோரும் அன்றைக்கே போய்விட வேண்டும் என்று விமான நிலையத்தில் குவிந்துகொண்டிருந்தார்கள். மத்தியானம் போல ஹொட்டலில் இருந்து இருவரை ஏற்றினேன். இருவரும் விமானிகள், இருவரும் ஒரே கம்பனி, இருவரும் வேலை முடித்து ஹலிஃபக்ஸில் உள்ள வீட்டுக்குப் போகிறவர்கள்.

ஒருவர் நரைத்த தாடிக் கப்டன். எங்கள் சாரதிகள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். தன் பெட்டியைத் தானே தூக்கி வைப்பார். மற்றவர் ஆரணி. முப்பது வயதைத் தாண்டியிருப்பார். மொன்றியலில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளை. முதல்முறை என் சட்டையில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, "அங்கிள், நீங்கள் தமிழோ?" என்று கேட்டவர், அதற்குப் பிறகு எப்போதும் எனக்குப் பின்னால் உள்ள இருக்கையில்தான் இருப்பார்.

அன்றைக்கு ஏறிய உடனேயே போன் வந்தது. கணவரோடு பேசினார்.

"இல்லையப்பா, ஐ நோ. ருமோறோ மோர்ணிங் ஒப்பரேசன் எண்டால் இண்டைக்கே நான் வந்து சேரோணும். ஹொஸ்பிட்டல்லை என்ன சொன்னவை? ... ஓம். அவளை உள்ளுக்குக் கொண்டு போகேக்க நான் பக்கத்திலை நிக்கோணும். நிப்பன். சத்தியமா நிப்பன். அவளிட்டைச் சொல்லுங்கோ அம்மா வாறா எண்டு."

போனை வைத்துவிட்டு முன்னால் சரிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"மகளுக்கு அங்கிள். நாலு வயசு. ஹார்ட்டிலை ஒரு சின்னப் பிரச்சினை, பிறந்ததிலை இருந்து. அடுத்த கிழமை எண்டு இருந்தது, திடீரெண்டு நாளைக்குக் காலமை எண்டிட்டினம்."

"பயப்பிடாதேங்கோ பிள்ளை. இண்டைக்குப் பிளேன் இருக்குத்தானே?"

"பிளேன் இருக்கு. ஃபுல். ஜம்ப்சீட் ஒண்டுதான்." கண்ணால் பின்பக்கம் காட்டினார். "அவருக்குத்தான் ஃபெர்ஸ்ற். அவர் சீனியர்."

"விசயத்தைச் சொன்னால் தருவார்தானே? நல்ல மனுசன்."

"அதுதான் அங்கிள் பிரச்சினை. சொன்னால் தருவார். நோ சொல்ல ஏலாது அவராலை. அவருக்கும் வீட்டிலை என்ன அலுவலோ. அப்பிடிக் கேக்கிறேல்லை நாங்கள்."

கண்ணாடியில் கப்டனைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்தார். தமிழில் பேசியது அவருக்கு விளங்கியிருக்காது என்று நினைத்தேன். ஆரணியின் விசயம் எனக்குத் தெரியும், கப்டனுக்குத் தெரியாது. ஆனால் வானுக்குள் கேட்டது வானுக்குள்ளேயே இருக்க வேண்டும். இருவரையும் வாசலில் இறக்கினேன். பெட்டிகளை இழுத்துக்கொண்டு, ஒருவருக்கு ஒருவர் கதவைப் பிடித்து வழிவிட்டு உள்ளே போனார்கள். யார் முதலில் நுழைவது என்பதிலேயே அங்கே கொஞ்ச நேரம் போனது.

பின்னேரம் அதே வாசலுக்குத் திரும்பி வந்தேன். கடல் கடந்து வந்த விமானத்தின் பணியாளர்களை ஹொட்டலுக்குக் கொண்டுபோக வேண்டும். பனி கொட்டத் தொடங்கியிருந்தது. அவர்கள் ஒரு வார்த்தை பேசத் தெம்பில்லாமல் ஏறி இருந்தார்கள். கதவைச் சாத்தப் போகும்போது தாடிக் கப்டன் வந்து நின்றார். கையில் ஒரு சொக்கலேட் பெட்டி, பிரிக்காமல்.

"ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறதா?"

எனக்குச் சட்டென்று விளங்கியது. அவர் விட்டுக்கொடுத்துவிட்டார், ஆரணி போய்விட்டார். எனக்கு இருந்த சந்தோசத்தில் அவருடைய பெட்டியை நானே பறித்துத் தூக்கி வைத்தேன். அவர் ஏறி இருந்தார்.

அப்போதுதான் உள்ளே இருந்து ஆரணி வந்தார். தொப்பி இல்லை, கோட்டுப் பொத்தான் போடவில்லை. "அங்கிள், ஹொட்டலுக்கோ? நானும் வாறன்" என்று சொல்லிக்கொண்டே ஏறியவர், கப்டனைக் கண்டதும் படியிலேயே நின்றுவிட்டார்.

அவர்கள் பேசியது ஆங்கிலத்தில். எனக்கு விளங்கிய அளவுக்குத் தமிழில் எழுதுகிறேன்.

"நீ ஏன் இங்கே நிற்கிறாய்?" என்றார் கப்டன்.

"நீங்கள் ஏன் இங்கே இருக்கிறீர்கள்?"

"நான் போகவில்லை என்று விமானத்தில் ஏறும் இடத்துக் கவுண்டரில் சொல்லிவிட்டு வந்தேனே. உன்னைக் கூப்பிடச் சொன்னேன்."

"நீங்கள் போவீர்கள் என்றுதான் நான் அங்கே நிற்கவில்லை. நான் நின்றால் உங்களுக்குச் சங்கடம் என்று, மொங்ரனுக்காவது போனால் அங்கிருந்து காரில் வீட்டுக்குப் போகலாம் என்று, அந்த விமானத்தில் இடம் கேட்க மற்றப் பக்கம் ஓடினேன். அங்கேயும் இல்லை. திரும்பி வந்தபோது கதவைச் சாத்திவிட்டார்கள். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களாம்."

வானின் பின்பக்கத்தில் இருந்து, களைத்துச் சாய்ந்திருந்த ஒரு மூத்த பணிப்பெண் கண்ணைத் திறந்தார். "அப்படியென்றால் இப்போது அந்த இருக்கையில் யார்?"

ஹலிஃபக்ஸுக்கு இருந்த அந்த ஒரே இருக்கை, இரண்டு நல்ல மனிதர்களுக்கு நடுவில், காலியாகப் பறந்து போய்க்கொண்டிருந்தது. யாரோ சிரிக்கத் தொடங்கி, ஆரணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ஆரணி கேட்டார். "நான் யாருக்கும் சொல்லவில்லையே."

"போனில் பேசினாய். உன் பாஷை எனக்குத் தெரியாது. ஆனால் ஒப்பரேசன், ஹொஸ்பிட்டல், ருமோறோ மோர்ணிங்..." கப்டன் தாடியைத் தடவினார். "அதற்கு மேல் எனக்கு என்ன தெரிய வேண்டும்?"

தமிழில் கதைத்தால் யாருக்கும் விளங்காது என்று நினைக்கிற நாங்கள் எல்லோரும் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

"என்னிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் நீ வேண்டாம் என்பாய். நான் போ என்பேன். பிறகு நீ நன்றி சொல்லிக்கொண்டு நிற்பாய். அந்தப் பாரம் உனக்கு வேண்டாம் என்று நினைத்தேன்." அவருடைய குரல் தாழ்ந்துவிட்டது. "பெரிய கெட்டித்தனம் செய்தேன் என்றுதான் நினைத்தேன்."

ஆரணி அழவில்லை. எனக்குப் பின்னால் இருந்த இருக்கையில் வந்து இருந்து, போனைக் கையில் எடுத்து, யாருக்கும் அடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு என்ன சொல்வது என்று யோசிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. மறுநாள் காலையில் விமானமே கிடையாது.

கப்டன்தான் முதலில் அசைந்தார். போனை எடுத்து ஒருவருக்கு அடித்தார், அவர் இன்னொருவரின் இலக்கத்தைக் கொடுத்தார். வானுக்குள் எல்லோரும் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். புயலுக்கு முன் ஹலிஃபக்ஸுக்கு ஒரு சரக்கு விமானம் கிளம்பப் போகிறதாம். அதை ஓட்டுகிற பெண் கப்டன் முன்பு இவரோடு பறந்தவராம். "உன்னோடு ஒரு ஆளை அனுப்பலாமா" என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "ஒரு இருக்கை இருக்கிறது. ஏற்றுகிறேன் என்கிறாள். ஆனால் இப்போதே வர வேண்டும்."

சரக்கு விமானங்கள் நிற்பது விமான நிலையத்தின் மறுபக்கம். ஹொட்டல் இந்தப் பக்கம். டாக்சிக்கு நின்ற வரிசை பனியில் வளைந்து வளைந்து போயிருந்தது. கப்டன் என்னைப் பார்த்தார். ஆனால் கேட்கவில்லை. அவருடைய வழக்கம் அவரை விடவில்லை. ஆரணியும் கேட்கவில்லை.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். வசந்தி சொல்லாமல் பாதை மாறக்கூடாது என்பது எங்கள் விதி. அது சரியான விதி. அடுத்த டேர்மினலில் என்னை எதிர்பார்த்து வேறு ஆட்கள் நின்றார்கள். இவர்களும் கேட்காமல் இருக்க, நானும் பேசாமல் ஹொட்டலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் ஒருவரும் என்னில் பிழை சொல்ல முடியாது. ஆனால் மூன்று பேர் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டிருக்க அந்த இரண்டாவது இருக்கையும் போய்விடும் என்று அப்போது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

றேடியோப் பொத்தானை அழுத்தினேன்.

"வசந்தி, நான் ஒருக்காச் சரக்குப் பக்கம் போகோணும்."

"ஆர் கதைக்கிறது?"

இத்தனை காலமும் "ஏத்தியாச்சு", "இறக்கியாச்சு" என்ற இரண்டு சொல்லைத் தவிர அதில் நான் வேறு எதுவும் சொன்னதில்லை. அவருக்கு என் குரல் பிடிபடவில்லை.

"நான்தான்."

"அண்ணையோ! சரக்குப் பக்கமோ? உங்களுக்கு என்ன விசரே? மற்ற டேர்மினலிலை ஆக்கள் உங்களைப் பாத்துக்கொண்டு நிக்கினம்."

"வசந்தி, எங்கடை பைலட் பிள்ளை ஒண்டு. மகளுக்கு நாளைக்குக் காலமை ஹலிஃபக்ஸிலை ஒப்பரேசன். சரக்குப் பிளேனிலை ஒரு இடம் இருக்காம். இப்ப போகாட்டில் அதுவும் போயிடும்."

வசந்திக்கு முன் றேடியோவில் ரூபனின் குரல் வந்தது. எங்கள் சாரதிகளில் வாய் அதிகம் உள்ளவன் அவன்.

"அண்ணை இவ்வளவு கதைச்சிட்டார். புயல் நாளைக்கு இல்லை, இண்டைக்கே வரப்போகுது! வசந்தி அக்கா, அண்ணையின்ரை ஆக்களை நான் எடுக்கிறன்."

"நீ எடுத்தால் உன்ரை ஹொட்டல் ஓட்டத்தை ஆர் ஓடுறது? உன்ரை மாமனோ?"

"மாமன் வேண்டாம்" என்றது இன்னொரு குரல், விட்பியில் இருந்து வேலைக்கு வருகிற சாரதி. "அதை நான் ஓடுறன். எனக்குக் கைவசம் ஒண்டும் இல்லை."

"சரி" என்றார் வசந்தி. "ரூபன் மற்ற டேர்மினல். விட்பிக்காரர் ஹொட்டல். அண்ணை, நீங்கள் போங்கோ. பொறுங்கோ, பொறுங்கோ. வானுக்குள்ளை இருக்கிற ஆக்களைக் கேட்டனீங்களோ?"

கேட்கவில்லை. அது வசந்தியின் மூளை. இரவு முழுக்கப் பறந்து வந்தவர்களைக் கேளாமல் ஊர் சுற்றிக் காட்ட எனக்கு உரிமை இல்லை.

திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் ஆங்கிலம் கொஞ்சம்தான். "குழந்தை. ஹொஸ்பிட்டல். முதலில் சரக்குப் பக்கம், பிறகு ஹொட்டல். தயவுசெய்து" என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

அந்த மூத்த பணிப்பெண் சொன்னார்: "அதை எப்போதோ முடிவெடுத்துவிட்டோம். நீ ஏன் இன்னும் வானை எடுக்காமல் நிற்கிறாய்?"

போகும் வழியில் ஒன்று நடந்தது. உங்களுக்கு இது முக்கியம். நான் வேகமாகப் போகத் தொடங்கினேன். ஒரு வளைவில் வான் லேசாக வழுக்கியது. பின்னால் இருந்து கப்டன் சத்தமில்லாமல் சொன்னார்: "நண்பா, ஆள் காத்து நிற்கிறார் என்ற நினைப்புத்தான் எங்களைக் கொல்வது. அந்தக் கப்டன் காத்திருப்பாள். நீ எப்போதும் போல ஓட்டு." நான் காலை எடுத்தேன். எப்போதும் போல ஓட்டினேன். அவசரமான ஆள் வானில் இருக்கும்போது, அந்த ஆளை மறந்துவிட்டு பாதையைப் பாருங்கள். அந்த ஆளுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.

சரக்குப் பக்க வாசலில் காவல்காரர் வெளியே வந்து நின்றார். சரக்கு விமானத்தில் இருந்து ஆரணியின் பெயரை அவருக்கு முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆரணி பெட்டியைத் தூக்கினார். தூக்கியவர் இறங்காமல் கப்டன் பக்கம் திரும்பினார்.

"இதற்கும் நீங்கள்தான் சீனியர்" என்றார். "உங்களுக்கும் நாளைக்கு விமானம் இல்லை. வீட்டில் உங்களுக்கு ஒன்றும் இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள்."

கப்டன் "ஒன்றும் இல்லை" என்று சொல்ல வாயெடுத்ததை நான் பார்த்தேன். பிறகு அவர் அதை விழுங்கிக்கொண்டார்.

"இருக்கிறது. இன்று எங்கள் கல்யாண நாள். மனைவி எனக்காகச் சமைத்து வைத்திருக்கிறாள். நான் போகாவிட்டால் திட்டுவாள். ஆனால் உன்னை விட்டுவிட்டு நான் வந்து நின்றேன் என்று கேள்விப்பட்டால் கதவே திறக்கமாட்டாள். எனக்கு விருப்பம் இருக்கிறது, ஆனாலும் இதை உனக்குத் தருகிறேன். இந்தமுறை உன் காதுபடச் சொல்கிறேன்."

ஆரணி அப்போதும் படியிலேயே நின்றார். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடாது. காவல்காரர் வாசலைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார், பனி உள்ளே அடித்தது.

"பிள்ளை" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அவர் வாயாலை சொல்லிப்போட்டார். நீங்களும் வாயாலை ஓம் எண்டு சொல்லிப்போட்டு இறங்குங்கோ. இனி ஒருத்தரும் ஒருத்தருக்கும் விட்டுக்குடுக்க வேண்டாம்."

அவர் என்னைப் பார்த்தார். கப்டனைப் பார்த்தார். "ஓம்" என்று தமிழிலேயே சொன்னார். கப்டனுக்கு அந்தச் சொல் விளங்க ஒப்பரேசனோ ஹொஸ்பிட்டலோ தேவைப்படவில்லை. அவர் சொக்கலேட் பெட்டியை ஆரணியின் கையில் திணித்தார். "சும்மா கையோடு போகாதே. அவர்கள் என்னைத்தான் ஏசுவார்கள்."

ஆரணி ஓடினார். வாசல் சாத்தும்வரை நாங்கள் நின்று பார்த்தோம்.

ஹொட்டலுக்குத் திரும்பும் வழியில் கப்டன் மனைவிக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னார். மறுமுனையில் அந்த அம்மா திட்டியது எனக்கும் கேட்டது. ஆனால் நேரில் சொல்லாமல் ஓடி வந்ததற்கும், காலியாகப் போன இருக்கைக்கும்தான் திட்டு விழுந்தது. வராமல் போனதற்கு ஒரு சொல்லும் இல்லை.

தம்பிமார், தங்கச்சிமார், நான் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். அவர்களுடைய வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. அந்த இருவரும் தங்களை நினைக்காமல் மற்றவரை நினைத்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் உங்கள் வானில் ஏறுவார்கள், நீங்கள் அவர்களோடு பழகக் கொடுத்துவைத்தவர்கள். ஆனால் விட்டுக்கொடுப்பது பாதி வேலைதான். அது மற்றவரின் காதுக்குப் போய்ச் சேர வேண்டும். ஒருவர் மனதுக்குள் வழிவிட்டால் மற்றவர் அதை எப்படி அறிவார்? எங்கள் வேலையிலும் இதுதான். இன்னொருவரின் ஓட்டத்தை எடுக்க நினைத்தால், "நான் எடுக்கிறன்" என்று றேடியோவில் சொல்லிவிட்டு எடுங்கள். சொல்லாமல் செய்தால் ஒரு வாசலில் இரண்டு வான் நிற்கும், மற்ற வாசலில் ஆட்கள் பனியில் நிற்பார்கள். உதவி தேவை என்றால் கேளுங்கள். கேட்பது கழுத்தைப் பிடிப்பது அல்ல. நல்ல மனிதர்களிடம் கேட்டால் அவர்களுக்கு அது ஒரு வழி காட்டுவது. உங்களில் கூச்சம் உள்ளவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். ரூபனைப் போன்றவர்களுக்கு இது தேவையில்லை. அவனுக்கு வேறு புத்தி சொல்ல வேண்டும், அதை வசந்தி பார்த்துக்கொள்வார்.

மறுநாள் சொன்னபடியே புயல் அடித்தது. ஓட்டங்கள் குறைவு. ஆனாலும் விமான நிலையத்தில் அகப்பட்டவர்களை ஹொட்டல்களுக்குக் கொண்டுபோய்க்கொண்டே இருந்தோம். காலையில் வசந்தி றேடியோவில் சொன்னார்: தாடிக் கப்டன் ஹொட்டலில் இருந்து போன் எடுத்தாராம், பிள்ளையை உள்ளே கொண்டு போகும்போது தாய் பக்கத்தில் நின்றாராம்.

"ஒப்பரேசன் முடிஞ்சுதோ அக்கா?" என்று ரூபன் கேட்டான்.

"இன்னும் இல்லை. உள்ளுக்குத்தான்."

அதற்குப் பிறகு அந்தக் காலை முழுக்க நடந்ததை நான் வேறு எங்கும் கேட்டதில்லை. ஒவ்வொரு சாரதியும் ஆட்களை ஏற்றியதும், வழக்கம் போல "ஏத்தியாச்சு" என்பார். பிறகு பொத்தானை விடாமல், "ஏதும் தெரியுமோ?" என்பார். "இல்லை" என்பார் வசந்தி. இறக்கியதும் மறுபடி, "இறக்கியாச்சு. ஏதும் தெரியுமோ?" "இல்லை, ஓடுங்கோ." அந்தப் பிள்ளையைக் கண்டவர் எங்களில் ஒருவரும் இல்லை. தாயைக் கூட முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

மத்தியானம் போல நான் ஒரு ஹொட்டல் வாசலில் கண்ணாடியில் இருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். வானுக்குள் வசந்தியின் குரல் கேட்டது.

"எல்லாருக்கும் சொல்லுறன். பிள்ளை கண் முழிச்சிட்டாவாம். தண்ணி கேட்டவவாம்."

ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் பதில் சொன்னார்கள். நல்லது. சந்தோசம். கடவுளே. ரூபன் ஒரு விசில் அடித்தான், வசந்தி அவனை ஏசவில்லை. நான் கதவைத் திறந்து, பனி ஒட்டிய கையுறையைக் கழற்றி, றேடியோவை எடுத்தேன். தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன் முன்பென்றால்.

"கேட்டுது வசந்தி" என்றேன். "எனக்கும் பெரிய சந்தோசம்."